60 கோல் அடித்தவருக்கு வாரம் 8 பவுண்டு: டிக்ஸி டீன்

பழைய_ஸ்கோர்போர்டு:

போன வாரம் இன்னொரு இழையில் மான்செஸ்டர் சிட்டி ஆட்டக்காரர் எர்லிங் ஹாலண்டின் 36 கோலைப் பற்றிப் பேச்சு வந்தது. 2022-23 சீசனில் அவர் அடித்தது பிரீமியர் லீக் சாதனை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவர் “இங்கிலாந்து வரலாற்றிலேயே அதிகம்” என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அங்கேயே பதில் போட்டால் இழை திசைமாறிவிடும் என்று இதைத் தனியாகத் தொடங்குகிறேன்.

1927-28 சீசன். எவர்ட்டன் அணி. வில்லியம் ரால்ஃப் டீன், ஊரார் வாயில் டிக்ஸி டீன். முதல் டிவிஷனில் (அப்போது அதுதான் இங்கிலாந்தின் உச்ச லீக்) 39 ஆட்டம், 60 கோல். சீசன் பாதியில்தான் அவருக்கு 21 வயது நிறைந்தது. எவர்ட்டன் அந்த வருடம் லீக்கில் அடித்தது மொத்தம் 102. மற்ற எல்லாரும் சேர்ந்து 42.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. பிறப்பு 1907 ஜனவரி 22, லிவர்பூலுக்கு நேர் எதிர்க்கரையில் இருக்கும் பிர்கன்ஹெட். அப்பாவுக்கு ரயில்வே வேலை. எட்டு வயதில் அப்பா எவர்ட்டனின் மைதானமான கூடிசன் பார்க்குக்குக் கூட்டிப்போனார், அன்றோடு பையன் எவர்ட்டன் பக்தன். பள்ளி முடிந்ததும் வைரல் ரயில்வேயில் ஃபிட்டர் வேலை கற்கப் போனான். இரவு ஷிஃப்ட் என்றால் உடன் வேலை பார்த்தவர்களுக்கு ஆகாது, எலித் தொல்லை. இவன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பகல் முழுக்கப் பந்தாடலாமே!

16 வயதில் ட்ரான்மியர் ரோவர்ஸ், மூன்றாம் டிவிஷன் வடக்கு. அங்கே 30 லீக் ஆட்டத்தில் 27 கோல். 1925 மார்ச்சில் எவர்ட்டன் 3,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. மீதியை நீங்கள் கேட்கக் கேட்கச் சொல்கிறேன்.

கடைசிபெஞ்சு:

அண்ணா, மரியாதையோடு ஒரு சந்தேகம். அந்தக் காலத்து ஸ்கோரை எல்லாம் பார்த்தால் கால்பந்து மாதிரியே இல்லை. 9-3, 7-2, 8-1 என்று கிடக்கிறது. டிஃபென்ஸ் என்று ஒன்று இருந்ததா இல்லையா? அப்படி ஓர் ஆட்டத்தில் 60 அடித்தால் அது இன்றைக்கு எத்தனைக்குச் சமம்? அந்த இழையில் எழுதியது நானில்லை, ஆனால் எழுதியவர் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு.

கொடிக்காரர்:

தம்பி கேட்டது நியாயமான கேள்வி, பதில் ஆஃப்சைடு விதியில் இருக்கிறது. (என் பெயரைப் பார்த்தாலே தெரியும், இதைப் பற்றிப் பேச எனக்குக் காரணமே வேண்டாம்.)

1925 வரை விதி என்ன? பந்து வரும்போது முன்னால் நிற்கிறவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணிக்காரர்கள் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். கோல் கீப்பர் ஒருவர், அப்புறம் இன்னும் இருவர். இல்லாவிட்டால் ஆஃப்சைடு, அதாவது தப்பாட்டம். இதை வைத்துக்கொண்டு ஃபுல்பேக்குகள் (கோலுக்கு முன்னால் காவல் நிற்கும் இருவர்) ஆட்டத்தையே கழுத்தை நெரித்தார்கள். ஒரு ஃபுல்பேக் சும்மா நாலடி முன்னால் நகர்ந்தாலே போதும், எதிரணியின் மொத்த ஃபார்வர்ட் வரிசையும் ஆஃப்சைடு. இன்னொரு ஃபுல்பேக் பின்னால் காவலுக்கு இருப்பதால், தப்பாகப் போனாலும் பெரிய நஷ்டம் இல்லை. நியூகாசிலின் பில் மெக்ராக்கன் இதில் பேர்போனவர். ஆட்டம் பெரும்பாலும் மைதானத்தின் நடுவிலேயே முட்டிக்கொண்டு நின்றது, பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

1925 கோடையில் அந்த 3 என்பதை 2 ஆக்கினார்கள். அவ்வளவுதான், ஓர் எண் மாற்றம். 1924-25-இல் முதல் டிவிஷனில் மொத்தம் 1,192 கோல். அடுத்த சீசனில் 1,703. அணிகள் எண்ணிக்கை அதே 22, ஆட்டங்கள் அதே 462. ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 2.6 இருந்தது 3.7 ஆகிவிட்டது.

ஆக கடைசிபெஞ்சு சொல்வதில் பாதி சரி. டீன் எவர்ட்டனுக்கு வந்தது 1925 மார்ச், விதி மாறியது அதே வருடம் கோடை. இதைவிட நல்ல நேரத்தில் ஒரு சென்டர் ஃபார்வர்ட், அதாவது முன்வரிசை நடுவில் நின்று கோல் அடிப்பவர், பிறந்திருக்க முடியாது.

பழைய_ஸ்கோர்போர்டு:

மறு பாதியை நான் சொல்கிறேன். விதி எல்லாருக்கும்தானே மாறியது? மாறிய முதல் சீசனிலேயே, டிஃபென்டர்கள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் திண்டாடிக்கொண்டிருந்தபோது, பிளாக்பர்னின் டெட் ஹார்ப்பர் அடித்தது 43. அதுதான் அப்போதைய முதல் டிவிஷன் சாதனை. டீன் அதிலிருந்து ஒரேயடியாக 17 கோல் மேலே போனார். பிறகு ஆஸ்டன் வில்லாவின் போங்கோ வேரிங் 1930-31-இல் 49 வரை வந்தார். டீனைத் தவிர முதல் டிவிஷனில் 50-ஐத் தொட்டவர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

விதி மாறியதால்தான் 60 என்றால், இன்னும் நாலைந்து 55 எங்கேயாவது கிடக்க வேண்டாமா?

கடைசிபெஞ்சு:

சரி, அந்தக் கணக்கு கொஞ்சம் உறைக்கிறது. ஆனால் எங்கேயோ 59 என்று ஓர் எண் படித்த ஞாபகம். அது யாருடையது?

கொடிக்காரர்:

ஜார்ஜ் காம்செல், மிடில்ஸ்பரோ. 1926-27-இல், அதாவது டீனுக்குச் சரியாக ஒரு வருடம் முன்னால், 37 ஆட்டத்தில் 59. ஆனால் அது இரண்டாம் டிவிஷன், அதனால்தான் ஸ்கோர்போர்டு அண்ணன் ‘முதல் டிவிஷன்’ என்று அழுத்தி அழுத்தி எழுதுகிறார்.

டர்ஹம் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளி காம்செல். இங்கிலாந்துக்கு 9 முறைதான் ஆடினார், ஒன்பதிலும் கோல், மொத்தம் 18. டீன் 16 முறை ஆடி அதே 18. ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் இன்னொருவர் பெயர் நின்றுவிட்டது, காம்செல்லின் பெயர் அடிக்குறிப்பாகிவிட்டது. எனக்கு அந்த மனிதர் மேல் எப்போதும் ஒரு பரிவு உண்டு. கொடுமை என்னவென்றால், டீன் 60 அடித்த அதே சீசனில் மிடில்ஸ்பரோ முதல் டிவிஷனில் கடைசி இடத்தில் முடிந்து மறுபடி இரண்டாம் டிவிஷனுக்குக் கீழே போனது.

இடதுவிங்:

எல்லாரும் டீன், டீன் என்கிறீர்கள். பந்தைத் தூக்கிக் கொடுத்தவனை யாரும் கேட்கக் காணோம். அலெக் ட்ரூப்! ஸ்காட்லாந்தின் ஃபோர்ஃபர் ஊர்க்காரர், குள்ளமான இடது விங்கர். தோள்பட்டை எலும்பு அடிக்கடி நழுவும் என்பதால் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு ஆடினவர். டீனின் தலைக்குப் பந்து போகிறது என்றால் அனுப்பியது பெரும்பாலும் இவர் கால்தான். பள்ளியிலும் கல்லூரியிலும் விங்கில் ஓடி ஓடித் தேய்ந்தவன் என்ற முறையில் ட்ரூப் சார்பாக என் கண்டனத்தைப் பதிவு செய்கிறேன்.

பழைய_ஸ்கோர்போர்டு:

கண்டனம் ஏற்கப்படுகிறது. 60-ஆவது கோலே ட்ரூப் அடித்த கார்னரில் வந்ததுதான். அந்தக் கடைசி மூன்று ஆட்டங்களை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று ஆட்டம் மிச்சம் இருக்கும்போது டீனின் கணக்கு 51. காம்செல்லைத் தாண்ட 9 வேண்டும். ஆஸ்டன் வில்லாவோடு 2. பர்ன்லியில் போய் 4, ஸ்கோர் 5-3. இப்போது 57. கடைசி ஆட்டம் 1928 மே 5, கூடிசன் பார்க்கில், ஆர்சனலோடு. எவர்ட்டன் ஏற்கெனவே சாம்பியன். கூட்டம் வந்தது ஒரே ஒரு விஷயத்துக்காக: இவனால் மூன்று அடிக்க முடியுமா?

ஆர்சனல் முதலில் அடித்துவிட்டது. கொஞ்ச நேரத்திலேயே டீன் ஒன்று, 58. அடுத்து அவரையே கீழே தள்ளி பெனால்டி, அவரே அடித்தார், 59. காம்செல்லோடு சமம். இடைவேளைக்குள் ஆர்சனல் மறுபடி சமன் செய்து 2-2.

அதற்கப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் பாதி முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது. அரை மணி நேரத்துக்கு மேல் கோலே இல்லை. ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் கடிகாரத்தையும் டீனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது இடது பக்கம் கார்னர். ட்ரூப் தூக்கிப் போடுகிறார். கோலுக்கு முன்னால் முண்டியடிக்கும் தலைகளுக்கு மேலே ஒரு கறுப்புச் சுருட்டை முடித் தலை எழும்புகிறது. 60.

ஒரு தாடிக்காரர் மைதானத்துக்குள் ஓடிவந்து தன் முகத்தில் தாடியை உரசி முத்தம் கொடுக்கப் பார்த்தார் என்று டீனே பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் ஆர்சனல் இன்னொன்று அடித்து ஆட்டம் 3-3. அதை அன்று யாராவது கவனித்திருந்தால்தான் ஆச்சரியம்.

கொடிக்காரர்:

அதே ஆட்டத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஆர்சனலின் சார்லி புக்கனுக்கு அதுதான் கடைசி ஆட்டம். 1925 அக்டோபரில் நியூகாசிலிடம் 7-0 வாங்கிக் கட்டிக்கொண்ட அன்று, புது ஆஃப்சைடு விதிக்கு மருந்தாக நடு ஹாஃப்பை (மைதான நடுவில் ஆடுபவரை) பின்னால் இழுத்து இரண்டு ஃபுல்பேக்குகளுக்கு நடுவில் நிறுத்துங்கள் என்று மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மேனிடம் வலியுறுத்தியவர் இந்தப் புக்கன்தான். சென்டர் ஃபார்வர்டை மறிப்பதே அந்த ஆளின் முழு நேர வேலை. டீன் மாதிரி ஆட்களைக் கட்டிப்போட வழி சொன்ன மனிதர், டீன் 60-ஐத் தொட்ட ஆட்டத்தில் எதிர்ப் பக்கம் நின்று விடைபெற்றார்.

ஆக ‘டிஃபென்ஸே இல்லாத காலம்’ என்பதும் முழு உண்மை இல்லை தம்பி. 1928-இல் டிஃபென்ஸ் மாறிக்கொண்டிருந்தது.

மெர்சிக்கரை:

வணக்கம். நான் வேலைக்காகப் பிர்கன்ஹெட் வந்து குடியேறி 14 வருடமாகிறது. எங்கள் ஊரில் உதைபந்தாட்டம் என்றுதான் சொல்வோம், அப்படியே எழுதினால் கோபிக்க வேண்டாம்.

டீன் எவர்ட்டனில் சேர்ந்த கதையை இங்கே வயதானவர்கள் நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள். அன்று டீன் படம் பார்க்கப் போயிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா சொல்கிறார், எவர்ட்டன் செயலாளர் டாம் மெக்கின்டோஷ் வந்தார், வுட்சைட் ஹோட்டலில் உனக்காகக் காத்திருக்கிறார் என்று. பையன் பஸ் பார்க்கவில்லை, ட்ராம் பார்க்கவில்லை. லெயர்ட் ஸ்ட்ரீட்டில் இருந்து படகுத்துறை பக்கம் ஏறக்குறைய இரண்டரை மைல், முழுக்க ஓட்டம். அந்த வழியில் நான் நடந்து பார்த்திருக்கிறேன், நடப்பதற்கே ஒரு மணி நேரம் பிடிக்கும். 18 வயதுப் பையன் மூச்சு வாங்கிக்கொண்டு ஹோட்டல் வாசலில் போய் நின்றதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் வயிற்றைப் பிசையவும் செய்யும். ஏனென்றால் அடுத்து நடந்தது இது:

பெற்றோருக்கு 300 பவுண்டு கிடைக்கும் என்று ட்ரான்மியர் தரப்பில் சொன்னதை டீன் நம்பியிருந்தார். கைக்கு வந்தது 30. லீக் அவ்வளவுதான் அனுமதிக்கும் என்று பதில். லீக் தலைவர் ஜான் மெக்கென்னாவிடமே போய் முறையிட்டார். நீ கையெழுத்துப் போட்டுவிட்டாயே தம்பி, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பணத்தை அம்மாவும் அப்பாவும் பிர்கன்ஹெட் பொது மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கடைசிபெஞ்சு:

3,000-க்கு விற்பனை, விற்கப்பட்ட பையன் வீட்டுக்கு 30. நூற்றுக்கு ஒன்று. இன்றைக்கு ஒரு ஏஜென்ட் இதைக் கேட்டால் மயங்கி விழுவார்.

பழைய_ஸ்கோர்போர்டு:

நான் இந்த இழையைத் தொடங்கியதன் உள்நோக்கமே அந்த 30 பவுண்டுதான், மெர்சிக்கரை முந்திக்கொண்டார்.

60 கோல் எப்படிச் சாத்தியம் என்று எல்லாரும் கேட்கிறோம். 60 கோல் அடித்தவருக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. 1922-லிருந்து லீக் வைத்த உச்சவரம்பு: சீசனில் வாரம் 8 பவுண்டு, கோடையில் 6. நட்சத்திரமானாலும் அதற்கு மேல் சம்பளம் என்று ஒரு காசு கொடுக்க முடியாது. ஐந்து வருடம் ஒரே கிளப்பில் இருந்தால் அதிகபட்சம் 650 பவுண்டு வரை ஒரு சகாயத் தொகை, அதுவும் கிளப் மனம் வைத்தால். கூலிக்காரனைவிட நல்ல சம்பளம்தான், மறுக்கவில்லை. ஆனால் தனக்காக மைதானத்தை நிரப்புகிற ஐம்பதாயிரம் பேரை அவரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்?

பணம்கூடப் பரவாயில்லை என்பேன். பதிவுச்சீட்டு முறைதான் அதைவிட மோசம். ஒப்பந்தம் வருடா வருடம். வருடம் முடிந்தாலும் ஆட்டக்காரரின் பதிவு கிளப்பின் கையில். அது விடாவிட்டால் அவர் வேறு எந்த லீக் அணிக்கும் ஆட முடியாது. விற்க நினைத்தால் விற்பார்கள், விலை முழுவதும் கிளப்புக்கு. 1928-இல் டேவிட் ஜாக்கை போல்டனிடமிருந்து ஆர்சனல் வாங்கியபோது முதல்முறையாக 10,000 பவுண்டைத் தாண்டியது. ஜாக்கின் வாரச் சம்பளம்? அதே 8-தான். இந்த உச்சவரம்பு ஒழிந்தது 1961-இல். பதிவுச்சீட்டுப் பிடி தளர்ந்தது 1963-இல், ஜார்ஜ் ஈஸ்தம் நீதிமன்றம் போய் வென்ற பிறகு. டீனுக்கு அப்போது 56 வயது.

இடதுவிங்:

தலையில் இரும்புத் தகடு வைத்திருந்ததால்தான் அப்படி முட்டினார் என்று சின்ன வயதில் ஒரு மாமா சொல்லிக் கேட்டிருக்கிறேன். உண்மையா?

மெர்சிக்கரை:

உங்கள் மாமா இங்கே ஏதாவது ஒரு பப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதே கதை இங்கேயும் ஓடுகிறது.

நடந்தது: 1926 ஜூன், வட வேல்ஸில் ஹோலிவெல் பக்கம் மோட்டார் சைக்கிள் விபத்து. மண்டை ஓட்டில் முறிவு, தாடை முறிவு. இனி உதைபந்து பக்கமே போக முடியாது என்று மருத்துவர்கள் கையை விரித்தார்கள். அதே வருடம் அக்டோபரில் லீட்ஸுக்கு எதிராக இறங்கி கோல் போட்டார், அதுவும் தலையால். தகடு கதை ரசிகர்கள் கட்டிவிட்டது. நான் மருத்துவமனையில் வேலை செய்பவள், மண்டை முறிந்து நாலு மாதத்தில் அந்தக் காலத்துத் தோல் பந்தை முட்டினார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறும். லேஸ் போட்டுக் கட்டிய பந்து. மழையில் தண்ணீர் குடித்துக் கல் மாதிரி ஆகும். முடிச்சு இருக்கிற பக்கம் நெற்றியில் பட்டால் கிழிக்கும்.

ஆளும் அப்படி ஒன்றும் உயரமில்லை, 5 அடி 10 அங்குலம் சொச்சம். எழும்பும் நேரம்தான் அவருடைய ரகசியம். லிவர்பூல் கோல் கீப்பர் எலிஷா ஸ்காட்டை வீதியில் பார்த்து டீன் மரியாதைக்குத் தலையசைக்க, ஸ்காட் பழக்கதோஷத்தில் பந்தைப் பிடிக்கப் பாய்ந்தார் என்பது இந்த ஊரின் செல்லக் கதை. உண்மையா என்று கேட்டால் அடிக்க வருவார்கள். ஆனால் இருவரும் நல்ல சிநேகிதர்கள் என்பது உண்மை.

இன்னொன்று, ‘டிக்ஸி’ என்ற பெயர் அவருக்குப் பிடிக்காது. கறுத்த முடியையும் நிறத்தையும் வைத்து ரசிகர்கள் ஒட்டிய பெயர் என்பார்கள். தெரிந்தவர்கள் பில் என்றுதான் கூப்பிடுவார்கள்.

கடைசிபெஞ்சு:

அக்கா, தகவலுக்கு நன்றி. அப்படியானால் நாம் இழைத் தலைப்பிலேயே அவருக்குப் பிடிக்காததைச் செய்திருக்கிறோம் :)

60-க்கு அப்புறம் என்ன ஆனது? அங்கிருந்து எவர்ட்டன் வருடா வருடம் கோப்பையா?

பழைய_ஸ்கோர்போர்டு:

இல்லவே இல்லை, வேடிக்கை அதுதான். வரிசையாகப் பாருங்கள். 1926-27-இல் எவர்ட்டன் 20-ஆவது இடம், கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் மயிரிழையில் தப்பியது. அடுத்த வருடம் சாம்பியன். அதற்கடுத்த வருடம் 18. 1929-30-இல் கடைசி இடம், கிளப் வரலாற்றில் முதல்முறையாகக் கீழ் டிவிஷனுக்கு இறக்கம். டீன் விட்டுப்போகவில்லை. 1930-31-இல் இரண்டாம் டிவிஷன் சாம்பியன், டீன் 39 கோல். ஏறி வந்த கையோடு 1931-32-இல் முதல் டிவிஷன் சாம்பியன், டீன் 45. நீங்கள் மேலே சொன்ன அந்த 9-3 இந்த சீசன்தான், ஷெஃபீல்ட் வென்ஸ்டேயோடு, அதில் டீன் மட்டும் 5. 1933-இல் எஃப்.ஏ. கோப்பை.

அந்த 1933 இறுதி ஆட்டம் வெம்ப்ளியில், மான்செஸ்டர் சிட்டியோடு, 3-0. டீன் கேப்டன். கிளிஃப் பிரிட்டன் தூக்கிப்போட்ட பந்துக்கு எழும்பி, இரண்டாவது கோலை அடித்தார். கோப்பை இறுதியில் முதல்முறையாக முதுகில் எண் போட்டு ஆடினார்கள். எவர்ட்டன் 1 முதல் 11, சிட்டி 12 முதல் 22. டீன் முதுகில் 9. சென்டர் ஃபார்வர்ட் என்றால் 9 என்ற வழக்கத்துக்கு எவர்ட்டன்காரர்கள் இவரைத்தான் முதல் ஆள் என்று சொந்தம் கொண்டாடுவார்கள்.

கொடிக்காரர்:

ஒரு சின்னத் திருத்தம். எண் போட்டு ஆடுவதை ஆர்சனலும் செல்சியும் 1928 ஆகஸ்டிலேயே லீக்கில் முயன்று பார்த்துவிட்டன. கோப்பை இறுதியில்தான் 1933 முதல். லீக்கில் கட்டாயமானது 1939-இல்.

பழைய_ஸ்கோர்போர்டு:

அதனால்தான் ‘கோப்பை இறுதியில்’ என்று எழுதினேன், நடுவரே.

இடதுவிங்:

முடிவு எப்படி? இத்தனை அடித்தவரை கிளப் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்குமே.

பழைய_ஸ்கோர்போர்டு:

மொத்தக் கணக்கு எவர்ட்டனுக்கு 433 ஆட்டம், 383 கோல். இதில் லீக் மட்டும் 399-இல் 349. கொண்டாடினார்களா என்றால், கதை இப்படிப் போகிறது.

1936 முடிவில் பர்ன்லியிலிருந்து டாமி லாட்டன் என்ற 17 வயதுப் பையனை 6,500 பவுண்டுக்கு வாங்கினார்கள். கூடிசனுக்கு ட்ராமில் போன பையனை கண்டக்டர் அடையாளம் கண்டு, நீ ஒருநாளும் டிக்ஸி ஆக மாட்டாய் என்று சொன்னாராம். ஊர் அப்படி. ஆனால் டீன் என்ன செய்தார் தெரியுமா? பையனிடம் நேரே, என் இடத்தைப் பிடிக்க வந்திருக்கிறாய், எனக்குத் தெரியும், என்னால் ஆன உதவி செய்வேன் என்றார். சொன்னபடி தலையால் முட்டும் நுணுக்கத்தைச் சொல்லியும் கொடுத்தார். லாட்டன் இதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளப் நிர்வாகம் அந்த அளவுக்குப் பெருந்தன்மை காட்டவில்லை. செயலாளர் தியோ கெல்லிக்கும் டீனுக்கும் ஒத்துப்போகவில்லை. 1938 மார்ச்சில், 13 வருடம் கழித்து, மூன்றாம் டிவிஷன் நாட்ஸ் கவுண்டிக்கு விற்றார்கள். விலை 3,000 பவுண்டு. வாங்கிய அதே விலை! 383 கோல் எவர்ட்டனுக்கு இலவசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்ஸ் கவுண்டியில் காயம், 9 ஆட்டம், 3 கோல். அப்புறம் 1939 தொடக்கத்தில் அயர்லாந்தின் ஸ்லைகோ ரோவர்ஸ். சின்ன ஊர், மேற்குக் கரை. டீன் வருகிறார் என்றதும் ஊரே திரண்டது. ஒரே ஆட்டத்தில் 5 அடித்துக் காட்டினார். அந்த வருடம் ஐரிஷ் கோப்பை இறுதி வரை போய், மறு ஆட்டத்தில் ஷெல்போர்னிடம் தோற்றார்கள். அவருடைய பதக்கம் ஹோட்டலில் திருடு போனது. 1978-இல் ஸ்லைகோ மறுபடி இறுதிக்கு வந்தபோது டீன் பார்க்கப் போயிருக்கிறார், ஹோட்டல் அறைக் கதவைத் தட்டி யாரோ ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே அந்தப் பதக்கம்.

கடைசிபெஞ்சு:

39 வருடம் கழித்தா! திருடனுக்கும் டீன்மேல் ஒரு மரியாதை போல.

மெர்சிக்கரை:

போருக்குப் பிறகு டீன் செஸ்டரில் டப்ளின் பாக்கெட் என்ற பப்பை நடத்தினார். அதுவும் விட்டபின் லிட்டில்வுட்ஸ் ஃபுட்பால் பூல்ஸ் நிறுவனத்தில் போர்ட்டர் வேலை, 1972-இல் ஓய்வு பெறும் வரை. சனிக்கிழமை ஆட்டங்களின் முடிவை ஊகித்து மக்கள் காசு கட்டுவார்களே, அந்த நிறுவனம். மற்றவர் போட்ட கோல்களுக்குப் பணம் எண்ணும் கட்டடத்தில் இவர் போர்ட்டர். அவர் அதைப் பற்றிக் குறைப்பட்டதாக இங்கே யாரும் சொல்ல நான் கேட்டதில்லை. எனக்குத்தான் அது ஜீரணமாகவில்லை.

1964-இல் அவருக்காக கூடிசனில் ஓர் ஆட்டம் வைத்தார்கள், 36,000 பேர் வந்தார்கள். வசூல் 7,000 பவுண்டு அளவு. ஆடி முடித்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு. 1976-இல் இரத்தக் கட்டி காரணமாக வலது காலை எடுத்துவிட்டார்கள்.

இடதுவிங்:

எந்தக் கால்? வலதா? ஐயோ.

மெர்சிக்கரை:

வலதுதான்.

2001-இல் கூடிசன் பார்க்கில் சிலை திறந்தார்கள். கீழே மூன்றே சொல்: ஆட்டக்காரர், கண்ணியவான், எவர்ட்டோனியன். ஆட்ட நாளில் நீல ஸ்கார்ஃப் கட்டிய தாத்தா ஒருவர் பேரனைத் தூக்கிப் பிடித்துச் சிலையின் பந்தைத் தொட வைத்ததைப் பார்த்திருக்கிறேன். இப்போது எவர்ட்டன் ஆண்கள் அணி ஆற்றோரம் பிராம்லி-மோர் துறையில் புது மைதானத்துக்குப் போய்விட்டது.

கடைசிபெஞ்சு:

அண்ணா, நான் சாய்ந்த பக்கத்திலிருந்து நிமிர்ந்துவிட்டேன். முழுவதும் இல்லை, பாதி. ஹாலண்டை அந்தப் பந்தையும் அந்த பூட்ஸையும் கொடுத்து 1928-இல் இறக்கினால் எத்தனை அடிப்பார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கொடிக்காரர்:

தம்பி, கேள்வியைத் திருப்பியும் போடலாம். டீனை இன்றைய புல்வெளியில், இன்றைய மருத்துவர்களோடு இறக்கினால்? இந்த விளையாட்டுக்கு முடிவே கிடையாது. இந்தச் சாதனையை யாராவது முறியடிப்பார்களா என்று டீனிடமே கேட்டிருக்கிறார்கள். முறியடிப்பான், ஆனால் அது ஒரே ஓர் ஆளால்தான் ஆகும், தண்ணீர் மேல் நடப்பாரே அவர், என்று பதில் சொன்னார்.

இடதுவிங்:

ஹாஹா. அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருக்கிறது. ட்ரூப்புக்கும் ஒரு சிலை வையுங்கள், அப்புறம் முழு மனதோடு சிரிக்கிறேன்.

ஸ்கோர்போர்டு அண்ணா, கடைசியாக ஒன்று. எப்போது காலமானார்?

பழைய_ஸ்கோர்போர்டு:

1980 மார்ச் 1. கூடிசன் பார்க்கிலேயே, எவர்ட்டன்–லிவர்பூல் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. வயது 73. அன்று மதியம் ஆட்டத்துக்கு முன்னால் நடந்த விருந்தில் லிவர்பூலின் பழைய மேனேஜர் பில் ஷாங்க்லி எழுந்து, இவர் பீத்தோவன், ஷேக்ஸ்பியர், ரெம்ப்ராண்ட் வரிசையில் உட்கார வேண்டியவர் என்று பேசியிருந்தார். எதிரணிக்காரர் வாயால், காது குளிரக் கேட்டுவிட்டுத்தான் மைதானத்துக்குள் போனார்.

கடைசிபெஞ்சு:

அன்றைக்கு ஸ்கோர் என்ன அண்ணா?

பழைய_ஸ்கோர்போர்டு:

லிவர்பூல் 2, எவர்ட்டன் 1.